கஞ்சாவும் சித்தப்பிரமையும்: காரணத்தை எழுதியவர் யார்?

கொட்டியாரக் குடாவில் 1660ஆம் ஆண்டு நங்கூரமிட்ட 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவருடைய மகன் ரொபேர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைபிடித்துச் சென்ற கதை நம்மில் பலர் பாடசாலையில் படித்ததுதான். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார். தொப்பி பின்னியும், நெல்லை வட்டிக்குக் கொடுத்தும், சில்லறைச் சாமான்களைச் சுமந்து விற்றும் வாழ்ந்தார். 1679இல் மல்வத்து ஓயாக் கரையோரமாக நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலை இலங்கைச் சரித்திரம் எழுதியோர் பலரும் எடுத்தாண்டிருக்கின்றனர். ஆனால் அதில் உள்ள ஒரு சிறு பந்தியை அவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை.

தப்பும் வழி தேடி நொக்ஸும் தோழரும் வியாபாரிகள் போல வடபகுதிக்குப் போய்வந்த காலத்தில் கடும் வறட்சி நிலவியது. வற்றிய குளங்களின் கலங்கல் நீரைக் குடித்து அவர்கள் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் வீழ்ந்தனர். கடைசியில் அதற்கு ஒரு மாற்று மருந்தை அறிந்துகொண்டனர். உலர்ந்த இலையொன்றை இடித்துத் தூளாக்கி, கருப்பட்டியுடன் சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் உண்பதே அது. போர்த்துக்கீசர் அதனைப் 'பங்கா' என்று அழைத்தனர் என்றும், அது தலையைக் கிறங்கச் செய்யுமே தவிர வேறொன்றும் செய்யாது என்றும் நொக்ஸ் எழுதுகிறார். அந்த இலை கஞ்சா.

இலண்டனில் நொக்ஸுக்கு நண்பராக வாய்த்தவர் ரொபேர்ட் ஹூக். உயிர்க்கலம் என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் பெயரிட்ட அதே விஞ்ஞானிதான். நொக்ஸிடம் கேட்டறிந்தவற்றை வைத்து 1689 டிசம்பரில் அவர் றோயல் சங்கத்தில் இந்த இலையைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். உண்டவர் சிறிது நேரத்தில் தாம் செய்வதையும் சொல்வதையும் மறந்துவிடுவார்; மகிழ்ச்சியாக இருப்பார், சிரிப்பார், பாடுவார்; பின்னர் உறங்கி எழும்போது மிகுந்த பசியோடு எழுவார் என்று ஹூக் விவரித்தார். கஞ்சாவின் செயல் குறித்து ஆங்கிலத்தில் எழுந்த முதல் விஞ்ஞான விவரணங்களுள் இதுவும் ஒன்று. இன்றைய மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டினாலும் குறுகியகால ஞாபக மறதி, காரணமற்ற சிரிப்பு, பெரும்பசி என இவையே வரிசையாக நிற்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நமது தீவிலிருந்து போன செய்தி பிழையற்ற செய்தியாகவே இருந்திருக்கிறது.

அந்த உரையின் முடிவில் ஹூக் சொன்னதுதான் என்னை இதை எழுத வைத்தது. இந்த இலை சித்தம் கலங்கியவர்களைக் குணப்படுத்த உதவக்கூடும் என்று அவர் அபிப்பிராயப்பட்டார். இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்த இந்தியாவின் பைத்தியசாலைகளில், சித்தம் கலங்கியதற்குக் காரணம் எது என்ற கேள்விக்கு நேரே எழுதப்பட்ட பதிலாக அதே இலை மாறியிருந்தது. மருந்து எப்படிக் குற்றவாளி ஆயிற்று? அதை எழுதியவர் யார்?

இடைப்பட்ட காலத்தை விரைந்து கடந்துவிடலாம். 1839இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷோனெசி கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பின்னர் நோயாளருக்கும் கொடுத்துப் பார்த்து, ஏற்புவலி போன்ற நோய்களில் வலிப்பைத் தணிக்கிறது என்று அறிவித்தார். அதன் பின்னர் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு போத்தலில் விற்பனைக்கு வந்தது. 1845இல் பாரிஸில் மோரோ என்ற மனநோய் வைத்தியர் வேறொரு கோணத்தில் நூலொன்றை எழுதினார். ஹஷீஷைத் தாமே உண்டு, பைத்தியம் என்பது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்று அறிய முயன்றார். போதையும் பைத்தியமும் ஒரே கதவின் இரு பக்கங்கள் என்பது அவருடைய எண்ணம். இந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளின் பின்னர் இது திரும்பவும் வரும்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1893இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த டபிள்யூ. எஸ். கேன் என்ற உறுப்பினர் கஞ்சாவினால் விளையும் தீமைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். இந்தியப் பைத்தியசாலைகள் கஞ்சாக் குடியர்களால் நிறைந்திருக்கின்றன என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. விளைவாக அவ்வாண்டு ஜூலையில் இந்திய சணற் போதைப்பொருள் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. மக்வேர்த் யங் தலைவர். உறுப்பினர்களுள் மூவர் இந்தியர். ஓராண்டு காலம் அவர்கள் இந்தியா முழுவதும், பர்மாவிலும் அலைந்து 1,193 சாட்சிகளிடம் விசாரித்தனர். அறிக்கை 1894இல் பல தொகுதிகளாக வெளிவந்தது. மூவாயிரம் பக்கங்களுக்கு மேல். ஆணைக்குழு அறிக்கைகளை நான் பத்திரிகைக்காகப் பல தடவை படித்திருக்கிறேன். பெரும்பாலானவை முடிவை முதலில் எழுதிவிட்டு ஆதாரத்தைப் பின்னர் தேடியவை போலத் தோன்றும். இது அப்படியானதல்ல.

ஆணைக்குழுவினர் செய்த மிகச் சிறந்த காரியம் பைத்தியசாலைப் பதிவேடுகளை அப்படியே ஏற்றுக்கொள்ள மறுத்ததாகும். 1892ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்தியாவின் பைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் 1,344 பேர். அவர்களுள் 222 பேருக்கு நோயின் காரணம் கஞ்சா, பங்கி, சரஸ் ஆகியவற்றுள் ஒன்று என்று பதிவாகியிருந்தது. ஆறில் ஒருவர்! இந்த எண்ணை மட்டும் எடுத்துக் கொண்டால் கேனின் குற்றச்சாட்டு நிரூபணமாகிவிட்டது என்றே எவரும் சொல்வர். ஆனால் ஆணைக்குழுவினர் ஒவ்வொரு நோயாளியினதும் கடதாசிகளை வரவழைத்தனர். அவர்களுடைய ஊர்களிலும் உறவினரிடமும் விசாரிக்கச் செய்தனர்.

அப்போதுதான் அந்த நிரலின் கதை வெளிவந்தது. தெருவில் அலைந்த ஒருவனைப் பொலிஸார் பிடிப்பர். நீதவான் முன் நிறுத்துவர். அவனுடைய விபரத்தாளில் 'காரணம்' என்றொரு நிரல் இருக்கும். அது வெறுமையாக இருக்கக் கூடாது. ஊரும் பேரும் தெரியாத ஒருவனுக்குப் பைத்தியம் பிடித்த காரணம் பொலிஸ்காரருக்கு எப்படித் தெரியும்? கஞ்சா குடிப்பவனா என்று கேட்பர். ஆம் என்றோ, இருக்கலாம் என்றோ எவராவது சொன்னால் போதும், காரணம் எழுதப்பட்டுவிடும். அந்தத் தாள் அவனோடு பைத்தியசாலைக்குப் போகும். அங்கே அதனைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்வர். பதிவேட்டிலிருந்து ஆண்டறிக்கைக்குப் போகும். ஆண்டறிக்கையிலிருந்து இலண்டனுக்குப் போகும். பாராளுமன்றத்தில் ஒருவர் எழுந்து அதனை மருத்துவர்களின் கண்டுபிடிப்பு என்று வாசிப்பார். தொடக்கத்தில் இருந்தது ஒரு பொலிஸ்காரரின் ஊகம் மட்டுமே.

பொலிஸ் செய்திகளைக் கையாண்டு பழகிய எவருக்கும் இது புதுமையாக இராது. 'கஞ்சா போதையில்' என்ற இரு சொற்கள் தொலைபேசியில் வரும் செய்தியில் எத்தனை தடவை வந்திருக்கின்றன! யார் சோதித்தார்கள் என்று திருப்பிக் கேட்டால் மறுமுனையில் மௌனம்தான் பதிலாகக் கிடைக்கும். கத்திக்குத்துக்கு ஒரு காரணம் வேண்டும். நிரல் வெறுமையாக இருக்கக் கூடாது.

விசாரணையின் முடிவில் 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அந்த 98இலும் 37 பேருக்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. கஞ்சா வகைகளை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடியவர்கள் 61 பேர், அதாவது நூற்றுக்கு நாலரை. அளவோடு பயன்படுத்துவோரின் மனத்துக்குத் தீங்கு விளைவதில்லை என்றும், அளவு மீறினால் மனம் பலவீனமடையும் என்றும், மனத்தில் ஏற்கெனவே பலவீனமோ பரம்பரைச் சாய்வோ உள்ளவர்களிடம் அது தீவிரமடையும் என்றும், கஞ்சா சில வேளைகளில் உண்மையாகவே பைத்தியத்தை உண்டாக்குகிறது என்றும் ஆணைக்குழு எழுதியது. கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுவோர் முதலாவது வாக்கியத்தை மட்டும் எடுத்தாளுவர்; எதிர்ப்போர் கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்தாளுவர். நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முற்றான தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது பெரும்பான்மை முடிவு. இந்திய உறுப்பினர்களுள் இருவர் மாறுபட்ட கருத்தைத் தனியாக எழுதினர் என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு விடயத்தையும் ஆணைக்குழு கவனித்தது. சில இடங்களில் பங்கியிலும் கஞ்சாவிலும் ஊமத்தை விதையைக் கலந்தனர். ஊமத்தை நமது வேலியோரங்களில் வளரும் அதே செடிதான். மாயத்தோற்றம் என்ற சொல்லுக்கு முழுத் தகுதி உடையது அதுவே. அதிலுள்ள அற்றோப்பீன், ஸ்கொப்பொலமீன் என்னும் நஞ்சுகள் கண்மணியை விரியச் செய்து, நாவை வரட்டி, இல்லாத மனிதரோடு பேசவைக்கும். அளவு கூடினால் உயிரையும் எடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கருக்கு ஊமத்தை கலந்த உணவைக் கொடுத்து மயங்கவைத்துக் கொள்ளையடித்த கூட்டங்கள் இந்தியாவில் இருந்தன. ஊமத்தை செய்த வேலை கஞ்சாவின் கணக்கில் எழுதப்பட்ட சந்தர்ப்பங்களும் இருந்திருக்கும் அல்லவா?

இவ்வளவு பெரிய அறிக்கை உலகச் சட்டத்தை நிர்ணயித்திருக்க வேண்டும். நிர்ணயித்தது வேறொரு நாட்டின் பதிவேடு. 1924-25இல் ஜெனீவாவில் அபின் மாநாடு கூடியபோது எகிப்தின் பிரதிநிதி முகம்மது எல் கிந்தி எழுந்து, தமது நாட்டில் பைத்தியத்துக்குத் தலையாய காரணம் ஹஷீஷே என்றார். நூற்றுக்கு முப்பது முதல் அறுபது வரை என்று ஓர் எண்ணையும் சபைமுன் வைத்தார். அபினைப் பற்றிப் பேசக் கூடிய மாநாடு கஞ்சாவையும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து 1925இல் உடன்படிக்கை செய்தது. கெய்ரோவின் அப்பாசியா பைத்தியசாலையின் 1920-21ஆம் ஆண்டுக் கணக்கைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: அனுமதிக்கப்பட்டோர் 715 பேர், ஹஷீஷ் காரணம் என்று பதிவானவர்கள் 19 பேர், மது காரணம் என்று பதிவானவர்கள் 48 பேர். அறுபது எங்கே, நூற்றுக்கு மூன்றும் தேறாத இந்த எண் எங்கே? இலங்கையின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் ஜெனீவா மாநாட்டுக்கு நான்கு ஆண்டுகளின் பின்னர் 1929இல் வந்தது. இன்றும் திருத்தங்களோடு வழக்கில் இருப்பது அதுவே.

அமெரிக்காவில் இந்த வேலையைப் பத்திரிகைகள் செய்தன. 1933இல் புளோரிடாவின் தம்பா நகரில் விக்டர் லிகாற்றா என்ற இளைஞன் தன் பெற்றோரையும் உடன்பிறந்தோர் மூவரையும் கோடரியால் வெட்டிக் கொன்றான். மரிஜுவானாவின் கொடுமை என்று தலைப்புகள் அலறின. 1937இல் அமெரிக்காவில் மரிஜுவானா வரிச் சட்டம் வருவதற்கு முன்னர் நடந்த பிரசாரத்தில் இக்கொலை எடுத்துக்காட்டாக நின்றது. அவனை மனநோயாளி என்று பொலிஸார் ஓராண்டுக்கு முன்பே மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்ப முயன்றிருந்தனர் என்பது தலைப்பில் இடம்பெறவில்லை.

பாரிஸ் வைத்தியர் மோரோவின் எண்ணம் மீண்டும் வரும் என்றேன். 1943 ஏப்ரல் 19ஆம் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் அல்பேர்ட் ஹொஃப்மன் என்ற இரசாயனவியலாளர், ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் தாம் ஆக்கிய எல்.எஸ்.டி. என்னும் பொருளில் 250 மைக்ரோகிராமைத் தாமே உட்கொண்டார். ஒரு கிராமின் நாலாயிரத்தில் ஒரு பங்கு. துவிச்சக்கர வண்டியில் வீடு செல்லும் வழியில் அவருக்கு உலகமே உருமாறித் தெரிந்தது. தாம் பைத்தியமாகிவிட்டதாக அஞ்சினார். சான்டோஸ் கம்பனி 1947இல் இதனை மனநோய் வைத்தியர்களுக்கு விநியோகித்தபோது சொன்ன பயன்களுள் ஒன்று, வைத்தியர்கள் இதனைத் தாமே உட்கொண்டு நோயாளியின் உலகத்தை அறியலாம் என்பதாகும். நூறு ஆண்டுகளுக்கு முந்திய மோரோவின் வழிதான்!

உளவு நிறுவனங்களும் ஆவல் கொண்டன. 1953 நவம்பரில் அமெரிக்க இராணுவ விஞ்ஞானி பிராங்க் ஒல்சனுக்கு அவர் அறியாமலே சி.ஐ.ஏ. அதிகாரிகள் பானத்தில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்தனர். ஒன்பது நாட்களின் பின்னர் நியூயோர்க் ஹொட்டேல் ஒன்றின் யன்னலிலிருந்து விழுந்து அவர் இறந்தார். எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்ட செய்தி குடும்பத்தினருக்குத் தெரியவந்தது 1975இல். இங்கே போதைப்பொருளின் பெயரை எழுதவேண்டிய நிரல் இருபத்திரண்டு ஆண்டுகள் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டிருந்தது.

1968 ஜனவரியில் அதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. எல்.எஸ்.டி. உண்ட கல்லூரி மாணவர் ஆறு பேர் சூரியனை வெறித்துப் பார்த்துக் கண்பார்வையை இழந்தனர் என்று பென்சில்வேனியா மாநிலத்தின் பார்வையற்றோர் நலத் துறை அதிகாரி ஒருவர் அறிவித்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் எல்லாம் அதனை வெளியிட்டன. சில நாட்களில் மாநில ஆளுநரே அது கட்டுக்கதை என்று அறிவிக்க நேர்ந்தது. அந்த மாணவர்கள் இருக்கவே இல்லை. இளைஞரை எல்.எஸ்.டி.யிலிருந்து விலக்குவதற்காகவே அதிகாரி அப்படிச் சொன்னாராம். மறுப்பைப் படித்தவர்கள் முதற் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பங்கினர் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

இத்தனை பொய்களுக்கும் ஊகங்களுக்கும் ஒரு விலை இருந்தது. எச்சரிக்கைகள் பொய் என்று கண்ட தலைமுறை, ஆபத்தே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டது. அதுவும் பொய். இந்த இடத்தில்தான் கனடாவிலிருந்து வாசகர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தைக் குறிப்பிட வேண்டும். அவருடைய மகன் பதினாறு வயதில் கஞ்சா புகைக்கத் தொடங்கினான்; இருபதாவது வயதில் குரல்கள் கேட்கத் தொடங்கின; இப்போது வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக இருக்கிறான். "ஐயா, கஞ்சாதானா காரணம், அல்லது எங்கள் பரம்பரையா, அல்லது நாங்கள் அவனைக் கவனிக்கவில்லையா?" என்று கேட்டிருந்தார். அவருடைய மனைவி மூன்றாவது பதிலை நம்பி இரவில் உறங்குவதில்லையாம். அவர் கேட்டதும் அந்த நிரலில் எதை எழுதுவது என்பதைத்தான். ஆனால் இம்முறை கேட்டது அரசாங்கம் அல்ல, ஒரு தகப்பன்.

அவருக்கு நான் எழுதியதன் சாரத்தை இங்கே தருகிறேன். 1893இல் செய்ய முடியாத ஒன்றை இன்று செய்ய முடிந்திருக்கிறது: நோய் வந்தவரைப் பிடித்துக் காரணம் கேட்பதை விட்டு, நோய் வருமுன்னரே பழக்கத்தைப் பதிந்துவைத்துக் காத்திருப்பது. சுவீடனில் 1969-70இல் கட்டாய இராணுவ சேவைக்கு வந்த 45,570 இளைஞரிடம் அப்போதே போதைப் பழக்கத்தைக் கேட்டுப் பதிந்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். 1987இல் வெளியான முடிவின்படி, ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம் மனப்பிளவு நோய் அதனைப் பயன்படுத்தாதோரைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. ஆயினும் அப்படிப் பயன்படுத்தியோருள் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த நோய் வரவில்லை. மனநோயின் தொடக்க நிலையில் இருப்பவரே கஞ்சாவை நாடியிருக்கலாம் என்ற ஆட்சேபம் அன்று எழுந்தது. அது முற்றாக இன்னும் தீரவில்லை.

மூளையில் கஞ்சா எங்கே வேலை செய்கிறது என்பதும் இப்போது தெரியும். டி.எச்.சி. என்ற அதன் செயற்பொருளை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் குழுவினர் பிரித்தெடுத்தனர். அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் உள்ளன என்று 1988இல் காட்டப்பட்டது. அந்த ஏற்பிகளுக்காக மூளை தானே சுரக்கும் பொருள் 1992இல் கண்டறியப்பட்டபோது, ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லைக் கொண்டு அதற்கு 'ஆனந்தமைட்' என்று பெயரிட்டனர். பதின்ம வயதில் மூளை தன் இணைப்புகளைச் சீரமைக்கும் வேலையில் இந்த அமைப்புக்கும் பங்குண்டு. பதினாறு வயதுக்காரன் நாள்தோறும் புகைப்பது நாற்பது வயதுக்காரர் எப்போதாவது புகைப்பதைப் போன்றதல்ல என்று வைத்தியர்கள் சொல்வது அதனாலேயே.

சரக்கும் மாறிவிட்டது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி.யின் அளவு 1995இல் நூற்றுக்கு நான்கு அளவில் இருந்து 2014இல் பன்னிரண்டு அளவுக்கு ஏறியது. கடைகளில் விற்கும் சாற்றுப் பொருள்களில் அது இதைப் பன்மடங்கு விஞ்சும். 2019இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, ஐரோப்பாவின் பத்து இடங்களிலும் பிரேசிலின் ஓர் இடத்திலுமாக, முதன்முறை மனப்பிறழ்வுக்கு ஆளான 901 பேரை நோயற்றோருடன் ஒப்பிட்டது. நாள்தோறும் பயன்படுத்தியோரிடம் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. வீரியம் மிக்க சரக்கை நாள்தோறும் பயன்படுத்தியோரிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. காரணத் தொடர்பு உண்மையானால், அந்த வீரியச் சரக்கு இல்லாதிருந்தால் புதிய நோயாளருள் இலண்டனில் நூற்றுக்கு முப்பது பேரும் அம்ஸ்ரர்டாமில் ஐம்பது பேரும் குறைந்திருப்பர் என்று அவர்கள் கணித்தனர். கேன் பாராளுமன்றத்தில் சொல்லியிருக்கக்கூடியதைவிடப் பெரிய எண்கள் இவை. ஆணைக்குழு விசாரித்த கஞ்சாவும் இந்தக் கஞ்சாவும் பெயரளவில்தான் ஒன்று. நூறாண்டுக்கு முந்திய அறிக்கையைக் காட்டி இன்றைய சரக்கைப் பாதுகாப்பானது என்போர் இதை மறந்துவிடுகின்றனர்.

மாயத்தோற்றம் தரும் மருந்துகளின் கதை சற்று வேறு. எல்.எஸ்.டி.யும் காளான்களில் உள்ள சிலோசைபினும் மூளையின் செரட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்கின்றன. உடலுக்கு நேரடி நஞ்சாவது அரிது. பயப் பிரமையில் செய்துவிடும் காரியங்களே பெரும் ஆபத்து. சிலருக்குக் காட்சிக் குழப்பம் மாதக்கணக்கில் நீடிக்கும். 2022இல் வெளியான பரிசோதனையொன்றில், வேறு மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வு உள்ள 233 பேருள், 25 மில்லிகிராம் சிலோசைபின் ஒரு தடவை பெற்றவர்களிடம் மூன்று வாரங்களில் குறிப்பிடத்தக்க தணிவு காணப்பட்டது. ஹூக் கஞ்சாவைப் பற்றிச் சொன்னது வேறொரு பொருளில் பலிக்கிறதோ என்னவோ! ஆனால் இத்தகைய பரிசோதனைகளில் மனப்பிறழ்வு வந்தவர்களையும், பொதுவாக, குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களையும் சேர்ப்பதில்லை என்பதைச் செய்தி எழுதுவோர் பலர் விட்டுவிடுகின்றனர்.

அந்தத் தகப்பனுக்கு 'கஞ்சாதான்' என்றும் எழுதவில்லை, 'கஞ்சா அல்ல' என்றும் எழுதவில்லை. வளர்ப்பு முறையால் இந்நோய் வருகிறது என்ற பழைய கொள்கையை மருத்துவம் கைவிட்டுவிட்டது என்பதை மட்டும் அவருடைய மனைவிக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். மகன் புகைப்பதை விட்டுவிட்டானா என்று விசாரித்தேன். நோய் வந்த பின்னரும் தொடர்ந்து புகைப்பவர்களுக்கு அது திரும்பத் திரும்ப வருவது அதிகம், நிறுத்தியவர்களுக்குக் குறைவு. இதில் பல ஆய்வுகள் உடன்படுகின்றன. சென்ற தைப்பொங்கலுக்கு அவர் மீண்டும் எழுதினார். மகன் ஏழு மாதங்களாகப் புகைக்கவில்லையாம். ஊசி மருந்துக்கு மாதம் ஒருமுறை தானே பஸ்ஸில் போய்வருகிறானாம்.